காலிப் பணியிடத்துக்கும் சாதி உண்டு

(ஆய்வு மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



பல்கலைக்கழக நூலகங்களில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், யாருக்கு என்ன சம்பளம், எந்தப் பதவியில் எந்தச் சமூகத்தவர் இருக்கிறார்கள் என்ற கணக்கை நாம் எடுக்க வேண்டும். இதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். இந்தத் தலைப்பைச் சொன்னதும் ஒரு நண்பர் கேட்டார்: "நாட்டில் எவ்வளவோ பிரச்சினை இருக்க, நூலகர் சம்பளத்துக்கும் சாதி ஒழிப்புக்கும் என்ன தொடர்பு?"

நமது இயக்க வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. 1916 டிசம்பரில் வந்த பார்ப்பனரல்லாதார் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். அதன் பலம் எண்களில் இருந்தது. 1892 முதல் 1904 வரை மாகாண சிவில் சர்வீஸ் போட்டித் தேர்வில் வென்ற 16 பேரில் 15 பேர் பார்ப்பனர் என்று அது சொன்னது. அந்த ஒரு வரிக்கு யாராலும் மறுப்புச் சொல்ல முடியவில்லை. 1921இல் நீதிக்கட்சி ஆட்சி போட்ட முதல் வகுப்புவாரி ஆணையும், நியமிக்கப்பட்டவர்களின் வகுப்புவாரிக் கணக்கை அரையாண்டுக்கு ஒருமுறை அனுப்பச் சொன்னது. இடஒதுக்கீடு என்ற கட்டடத்துக்கு அடிக்கல்லே கணக்கெடுப்புதான். கணக்குக் கேட்பதை நாம் நிறுத்திய இடங்களில் எல்லாம் அந்தக் கட்டடம் உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருக்கிறது.

நூலகத்துக்கு வருவோம். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக எஸ்.ஆர். ரங்கநாதன் பொறுப்பேற்றார். 1957இல் பல்கலைக்கழக மானியக் குழு அவர் தலைமையில் ஒரு நூலகக் குழுவை அமைத்தது. நூலகத் தொழில்முறைப் பணியாளர்களுக்கு ஆசிரியர்களுக்கு இணையான தகுதியும் ஊதியமும் வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது. ஏழாவது ஊதியக்குழுவுக்குப் பிந்தைய யு.ஜி.சி. ஊதியப்படி, உதவி நூலகரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய், பல்கலைக்கழக நூலகருக்கு 1,44,200 ரூபாய். காகிதத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

ஆனால் அந்தக் காகிதச் சம்பளத்தை வாங்குபவர் எத்தனை பேர்? நூலகத்தில் ஒரே மேசையில் இரண்டு பேர் உட்கார்ந்து, ஒரே கோஹா மென்பொருளில் புத்தகம் பதிகிறார்கள். இருவரும் நூலக அறிவியலில் முதுநிலைப் பட்டம் பெற்றவர்கள். ஒருவர் காலமுறை ஊதியத்தில் இருக்கிறார். இன்னொருவருக்குத் தொகுப்பூதியம், அதுவும் பதினொரு மாத உத்தரவில். மூன்றாவதாக ஒருவர் ஏஜென்சி வழியாக வந்தவர். அவர் பெயர் பல்கலைக்கழகப் பதிவேட்டிலேயே இருக்காது.

இதில் சாதி எங்கே வருகிறது என்று கேட்கலாம். இனச்சுழற்சி என்பது ஒரு சக்கரம். நியமனம் நடந்தால்தான் அது சுழலும். மத்திய அரசு நிறுவனங்களில் சிறிய பணிப்பிரிவுகளுக்கு 1997 முதல் உள்ள 13 புள்ளி முறையைப் பாருங்கள். நான்காவது புள்ளியில்தான் ஓ.பி.சி. வருகிறார். ஏழாவதில் பட்டியல் சாதி, பதினான்காவதில் பழங்குடி. ஒரு நூலகத்தில் மூன்று துணை நூலகர் பணியிடங்கள் என்று வைத்துக்கொள்வோம். தொடக்கத்தில் மூன்றுமே பொது. மூவரில் ஒருவர் ஓய்வுபெற்று, அந்த இடம் நிரப்பப்படும்போதுதான் நான்காவது புள்ளி வரும். ஏழாவது புள்ளியைத் தொட, நான்கு முறை இடம் காலியாகி நான்கு முறையும் நிரப்பப்பட வேண்டும். அதற்குள் ஒரு தலைமுறை போய்விடும்.

பல்கலைக்கழக நூலகர் பதவி நிறுவனத்துக்கு ஒன்றே ஒன்று. ஒற்றைப் பணியிடத்துக்கு இடஒதுக்கீடு கிடையாது என்று சண்டிகர் பி.ஜி.ஐ. வழக்கில் 1998இலேயே உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, உச்சிப் பதவியில் ஒதுக்கீடே இல்லை. நடுவில் சக்கரம் மெதுவாகச் சுழல்கிறது. அந்த நடுப்பதவியையும் நிரப்பாமல் ஒருவரைப் 'பொறுப்பு' என்று உட்கார வைத்தால் சக்கரம் நின்றேவிடுகிறது. தமிழ்நாட்டில் ஒதுக்கீடு 69 விழுக்காடு, புள்ளிகள் 200, வரிசையும் வேறு. ஆனாலும் ஆள் எடுக்காவிட்டால் அந்தச் சக்கரமும் நகராது.

அதனால்தான் சொல்கிறேன், காலிப் பணியிடம் என்பது வெறும் நிதிப் பற்றாக்குறைச் சமாச்சாரம் இல்லை. காலியாகக் கிடக்கும் அந்த நாற்காலிக்கு ஒரு புள்ளி எண் உண்டு. அந்த எண்ணுக்கு உரிய பிள்ளை ஒருவர் வெளியே எங்கோ தொகுப்பூதியத்தில் நின்றுகொண்டிருக்கிறார்.

இந்தக் கணக்கு அரசிடம் இல்லையா என்று கேட்பீர்கள். 2010-11 முதல் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஆசிரியர்களைச் சமூகவாரியாக அது பிரித்துக் காட்டுகிறது, நல்ல விஷயம். ஆனால் நூலகத்தில் எந்தப் பதவியில் எந்தச் சமூகத்தவர், நிரந்தரமா ஒப்பந்தமா, என்ன சம்பளம் என்பதை ஒரே அட்டவணையில் வைத்து அதில் பார்க்க முடியாது. அமெரிக்காவில் ஆராய்ச்சி நூலகங்களின் புள்ளிவிவரத்தை ஜேம்ஸ் ஜெரூல்ட் 1908 வாக்கில் தொகுக்கத் தொடங்கினார். இன்று அங்குள்ள ஆராய்ச்சி நூலகங்களின் சங்கம் நூலகர்களின் சம்பளத்தைப் பாலினம், இனம், பணி அனுபவம் வாரியாக வெளியிடுகிறது. அதனால் அங்கே நிறவெறி ஒழிந்துவிடவில்லை. ஆனால் ஒரு கறுப்பின நூலகர் வாதிடும்போது அவர் கையில் எண் இருக்கிறது. நம் கையில் என்ன இருக்கிறது?

சரி, எப்படி எடுப்பது? நம்மிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. அதன் 4(1)(பி) பிரிவுப்படி ஒவ்வொரு அலுவலரும் ஊழியரும் வாங்கும் மாதச் சம்பளத்தை, யாரும் கேட்காமலே, நிறுவனம் வெளியிட வேண்டும். முதலில் உங்கள் பல்கலைக்கழக இணையதளத்தில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

இல்லாவிட்டால் மனுப் போடுங்கள். "எத்தனை எஸ்.சி. நூலகர்கள் இருக்கிறார்கள்?" என்று கேட்காதீர்கள். நான் அப்படிக் கேட்டபோது ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து, தகவல் அந்த வடிவில் தொகுக்கப்படவில்லை என்று இரண்டு வரிப் பதில் வந்தது. ஆவணத்தைக் கேளுங்கள். அனுமதிக்கப்பட்ட பணியிடங்களுக்கான அரசாணை, இனச்சுழற்சிப் பதிவேடு, நூலகப் பிரிவின் சம்பளப் பட்டியல், ஏஜென்சியுடன் போட்ட ஒப்பந்தம் ஆகியவற்றின் நகல்களைக் கேளுங்கள். ஒப்பந்தமும் 'தகவல்'தான் என்று 2(எஃப்) பிரிவு சொல்கிறது. நேரில் போய் ஆவணத்தைப் பார்வையிடவும் உரிமை உண்டு. 30 நாளில் பதில் இல்லையென்றால் முதல் மேல்முறையீடு செய்யுங்கள்.

எண்ணும்போது யாரை எண்ணுகிறோம் என்பதும் முக்கியம். 'தொழில்முறைப் பணியாளர்' என்று கோடு போட்டால், புத்தகம் அடுக்குபவரும் கட்டுமானம் செய்பவரும் கணக்குக்கு வெளியே போய்விடுவார்கள். நூலகத்தைத் தினமும் கூட்டிப் பெருக்கும் அம்மா துப்புரவு ஒப்பந்தத்தில் ஒரு எண்ணிக்கையாகச் சுருங்கிவிடுவார். நம் அட்டவணையின் கடைசி வரி அவருக்கானது. அந்த வரி இல்லாத கணக்கு, சாதியை மறைக்கும் கணக்கு.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வேலை செய்யும் இடத்தில் தன் சாதியைச் சொல்லாமல் வாழும் தோழர்கள் இருக்கிறார்கள். சொன்னால் என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். நம் கணக்கெடுப்பு அவர்களைக் காட்டிக் கொடுத்துவிடக் கூடாது. ஆறு பேர் உள்ள நூலகத்தில் 'எஸ்.சி. பெண் - 1' என்று எழுதினால் அது பெயர் எழுதியதற்குச் சமம். எனவே யாரிடமும் போய்ச் சாதி கேட்காதீர்கள், சக ஊழியரைப் பற்றி இன்னொருவரிடமும் விசாரிக்காதீர்கள். பதிவேட்டைப் பெயர் நீக்கித் தரச் சொல்லுங்கள், 10ஆவது பிரிவில் அதற்கு இடமுண்டு. ஒரு நூலகத்தைத் தனியாகக் காட்டாமல், பல பல்கலைக்கழகங்களைச் சேர்த்துப் பதவிவாரியாக வெளியிடுங்கள். ஐந்துக்கும் குறைவான எண்ணிக்கையை அச்சிடாதீர்கள்.

இந்தக் கணக்கு ஆய்வேட்டில் அட்டவணையாகத் தூங்குவதற்கு இல்லை. 2016இல் ஜக்ஜித் சிங் வழக்கில், ஒரே வேலை செய்யும் தற்காலிக ஊழியருக்கும் நிரந்தர ஊழியரின் ஊதிய விகிதத்தின் குறைந்தபட்சத்தைத் தர வேண்டும் என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைப் பயன்படுத்த, வேலை ஒன்றுதான், சம்பளம்தான் வேறு என்று காட்ட வேண்டும். அதைக் காட்டுவதற்குரிய சான்றுதான் நாம் எடுக்கப்போகும் கணக்கு.

ஆய்வு மாணவர்களான நாம்தான் நாள் முழுக்க நூலகத்தில் உட்கார்ந்திருக்கிறோம். நமக்கு நூல் எடுத்துத் தருபவர் என்ன சம்பளம் வாங்குகிறார் என்று தெரியாமலே முனைவர் பட்டம் வாங்கிப் போகிறோம். இங்கே வந்திருப்பவர்கள் ஆளுக்கொரு பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மனுவின் மாதிரியை நான் கொண்டுவந்திருக்கிறேன், கட்டணம் பத்து ரூபாய்தான். கூட்டம் முடிந்ததும் வாங்கிக்கொண்டு போகலாம்.