மின் அலையும் தாமிரத் தகடும்

(கல்லிடைக்குறிச்சிப் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



முன்பெல்லாம் தகடு விற்கின்றவன் "தெய்வ சக்தி" என்று சொல்லி விற்றான். இப்பொழுது "அலை" என்று சொல்லி விற்கின்றான். மந்திரம் எழுதிய தாமிரத் தகட்டிலிருந்து நல்ல அலை புறப்பட்டு வீடு முழுவதும் பரவுகின்றதாம். செல்போனின் முதுகில் ஒரு வில்லையை ஒட்டினால் அதன் கெட்ட அலை நின்றுவிடுகின்றதாம். அப்பளம் தேய்த்தும் நாற்று நட்டும் கூலி வாங்குகின்ற தாய்மார்கள் அந்தக் கூலியைக் கொடுத்து இவைகளை வாங்குகின்றார்கள். ஆகவே, அலை எப்படி உண்டாகின்றது என்று தெரிந்துகொள்ளுவது படித்தவர்கள் காரியம் மாத்திரமல்ல. நம் மடியிலுள்ள காசைக் காப்பாற்றிக்கொள்ளும் காரியமுமாகும்.

எல்லாப் பொருளிலும் எலக்ட்ரான் என்னும் மின்துகள் இருக்கின்றது. ஒவ்வொரு எலக்ட்ரானைச் சுற்றிலும் அதன் மின்புலம் நாலா பக்கமும் பரவி நிற்கின்றது. எலக்ட்ரான் சும்மா நின்றால் அலை இல்லை. ஓடினால் வருமா? வரும் என்று பலர் நினைக்கின்றார்கள். அது பாதி உண்மையே. வெட்டவெளியில் ஒரே வேகத்தில் நேராக ஓடினாலும் அலை இல்லை. ஏனென்றால், அதே வேகத்தில் கூடவே போகின்ற ஒருவனுக்கு அது சும்மா நிற்பதாகவே இருக்கும். நிற்கின்ற எலக்ட்ரான் அலை விடாது என்றால், அவனுக்கு இல்லாத அலை நமக்கு மாத்திரம் எங்கிருந்து வரும்?

அம்பாசமுத்திரத்திலிருந்து வருகின்ற பஸ் சீராக ஓடும்வரை நின்றுகொண்டிருப்பவர் ஆடுவதில்லை. பிரேக் போட்டாலோ, வளைவில் திரும்பினாலோதான் தள்ளாடுகின்றார். எலக்ட்ரானின் சங்கதியும் இதுவே. அதைச் சட்டென்று அசைத்தால், அசைந்த செய்தி வினாடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில்தான் வெளியே போகும். செய்தி எட்டிய தூரம்வரை மின்புலம் அதன் புதிய இடத்திற்குத் தக்கபடி அமைந்துவிடும். எட்டாத தூரத்தில் பழையபடியே இருக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு மடிப்பு விழும். அந்த மடிப்பு வெளியே ஓடுவதுதான் மின்காந்த அலை. வேகம் கூடினாலும், குறைந்தாலும், திசை திரும்பினாலும் அலை உண்டு. மாறுதல் இல்லையேல் அலை இல்லை.

இதை யாரும் ஞானதிருஷ்டியில் கண்டு சொல்லவில்லை. மாக்ஸ்வெல் 1865-ல் கணக்குப் போட்டுச் சொன்னார். ஹெர்ட்ஸ் 1887-ல் மின்பொறியைத் தாவ வைத்துச் சோதித்தார். கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் 1895-ல் சில மில்லிமீட்டர் நீளமுள்ள அலைகளைக் கூட உண்டாக்கினார்; அவர் அனுப்பிய அலை சுவர்களைத் தாண்டிப்போய் மணியை அடிக்கச் செய்தது.

நம் பக்கத்திலேயே பாருங்கள். பாபநாசத்தில் 1944 முதல் தண்ணீரால் மின்சாரம் எடுக்கின்றார்கள். நம் வீட்டுக் கம்பியில் எலக்ட்ரான்கள் வினாடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் ஆடுகின்றன. அந்த மெதுவான ஆட்டத்திற்குரிய அலையின் நீளம் 6,000 கிலோமீட்டர். ஆகையால் அக்கம்பி வெளியில் விடும் அலை மிகவும் அற்பமே. நமது ஜில்லாவிலேயே விஜயநாராயணத்தில், 1990-ல் ஏற்பட்ட ஐ.என்.எஸ். கட்டபொம்மன் என்னும் கடற்படை நிலையத்தில், வானளாவிய கம்பங்களை நட்டு வினாடிக்குச் சுமார் 18,000 தடவை எலக்ட்ரான்களை ஆட்டுகின்றார்கள். அந்த அலை 16 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ளது. கடல் தண்ணீருக்குள் சில மீட்டர் ஆழம் இறங்கி நீர்மூழ்கிக் கப்பலுக்குச் செய்தி கொடுக்கின்றது. செல்போனிலோ ஆட்டம் வினாடிக்கு 90 கோடி, 230 கோடி என்று போகின்றது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே குழாய்க்குள் வேகமாகப் பாய்கின்ற எலக்ட்ரானை உலோகத்தில் மோதித் திடீரென்று நிறுத்துகின்றார்கள். நின்ற அதிர்ச்சியில் எக்ஸ்ரே பிறக்கின்றது.

இவை எல்லாவற்றிலும் ஒரு பொதுவான சங்கதி உண்டு. அலை சக்தியைச் சுமந்துகொண்டு போகின்றது. ஆகையால் ஆட்டுகின்றவன் சக்தி செலவழித்தே தீரவேண்டும். கட்டபொம்மன் நிலையத்திற்கு மின்சாரம் வேண்டும். செல்போனுக்கு பாட்டரி வேண்டும். தகட்டுக்கு என்ன இருக்கின்றது? அதில் உள்ள எலக்ட்ரான்களை எது ஆட்டுகின்றது? மந்திரம் ஆட்டுகின்றதென்றால், மந்திரம் வாயிலிருந்து வருகின்ற சப்தம். சப்தம் காற்றின் அசைவு. சொல்லி முடித்த சிறிது நேரத்திற்குள் அடங்கிவிடும். சூட்டினால் எல்லாப் பொருளின் துகள்களும் ஆடுவதால் தகடும் வெப்ப அலை விடுவது மெய்தான். ஆனால் அதே சூட்டில் உங்கள் வீட்டுத் தாமிரச் செம்பும் அதே ஜாதி அலையைத்தான் விடுகின்றது. செம்புக்கு எவரும் தட்சணை கேட்பதில்லை!

வில்லைக்கு வருவோம். ராஷ்ட்ரீய காமதேனு ஆயோக் என்னும் மத்திய சர்க்கார் அமைப்பின் தலைவராயிருந்த வல்லபபாய் கதிரியா, 2020 அக்டோபரில் பசுஞ்சாண வில்லை ஒன்றை வெளியிட்டு, அது செல்போன் கதிர்வீச்சைக் குறைக்குமென்றார். நூற்றுக்கணக்கான விஞ்ஞானிகள் ஆதாரம் எங்கே என்று கேட்டார்கள். விஞ்ஞானிகள்தான் கேட்கவேண்டுமென்பதில்லை, நீங்களே கேட்கலாம். செல்போன் பேசுவதே அலையினால்தான். வில்லை அலையை நிறுத்துவது மெய்யானால், ஒட்டினவுடன் போன் ஊமையாகவேண்டாமா? போன் பேசுகின்றதென்றால் அலை போகின்றதென்றுதானே அர்த்தம்? அதே போனை எவர்சில்வர் தூக்குக்குள் வைத்து இறுக மூடிப் பாருங்கள். சிக்னல் குறையக் காண்பீர்கள். உலோகத்தின் எலக்ட்ரான்கள் தாமும் ஆடி அலையைத் திருப்பி அனுப்புகின்றன. சாணிக்கு அந்த வேலை தெரியாது.

பயத்தைக் காட்டித்தான் வில்லை விற்கின்றார்கள். அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெறியும் பலம் எக்ஸ்ரேக்கு உண்டு. அதனால்தான் அங்கே ஈயக் கவசம் வைக்கின்றார்கள். செல்போன் அலைக்கு அந்தப் பலம் கிடையாது. கவசம் வேண்டிய இடத்தில் ஈயம் இருக்கின்றது; வேண்டாத இடத்தில் வில்லை விற்கின்றது!

ஆகையால் தோழர்களே, இனி எவனாவது அலை என்று சொல்லிக்கொண்டு உங்கள் வாசலுக்கு வந்தால், சண்டை போடவேண்டாம், வையவேண்டாம். "ஐயா, இதில் எதை ஆட்டுகின்றீர்? எந்தச் சக்தியால் ஆட்டுகின்றீர்? எந்தக் கருவி அதைக் காட்டும்?" என்று மூன்று கேள்வி மாத்திரம் கேளுங்கள். பதில் வரும்வரை கூலிக்காசு மடியிலேயே இருக்கட்டும்.