கீழே கிடந்த காசு
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



அறிஞர் பலர் அரிய பொருள்களைப் பற்றிப் பேசிய இம்மேடையில் நாம் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. பொது இடத்தில் கிடக்கும் சில்லறைக் காசைக் கண்டெடுத்தவன் வைத்துக்கொள்ளலாமா என்பதே அது.

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதியின் முதியோர் காசின் அருமை அறிந்தவர்கள். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய் என்பது பழைய திருவிதாங்கூர்க் கணக்கு. 1956 நவம்பர் 1இல் களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் இடையே மாநில எல்லை வந்தது. 1957 ஏப்ரலில் நயாபைசா வந்தது. 2011 சூன் மாதத்தோடு 25 காசும் அதற்குக் கீழ்ப்பட்ட நாணயங்களும் செல்லாதனவாயின. சில்லறையின் மதிப்புக் குறையக் குறைய, அதனை எடுப்பதில் குற்றம் யாதுமில்லை என்னும் எண்ணமும் வளர்ந்துவிட்டது.

நமக்கும் அவ்வெண்ணம் ஒரு நாள் உண்டாயிற்று. சில ஆண்டுகளுக்கு முன், மழைக்காலத்தில் ஒரு விடியற்காலை, பாறசாலை நிலையத்தின் நடைமேடைப் பலகையின்கீழ் ஒரு துணிமுடிச்சுக் கிடந்தது. அவிழ்த்தால் 38 ரூபாய்ச் சில்லறை. அருகில் எவருமில்லை. காசில் பெயரா எழுதியிருக்கிறது என்று எண்ணினோம். அதில் தேநீரும் வடையும் வாங்கி உண்டோம். மீதியைப் பையில் போட்டுக்கொண்டோம்.

மாலையில் திரும்பியபோது, வெற்றிலைக் கூடையுடன் ஒரு மூதாட்டி அதே பலகையின்கீழ்க் கோலால் துழாவிக்கொண்டிருந்தார். மறுநாள் கொள்முதலுக்கு வைத்திருந்த பணமாம். நாம் 38 ரூபாயை எடுத்துக் கொடுத்தோம். எடுத்தவர் நாமே என்று மட்டும் சொல்லவில்லை. "நல்லா இருப்பே மக்களே" என்று தலையைத் தொட்டு வாழ்த்தினார். அவர் பொருளையே அவருக்குக் கொடுத்துவிட்டு, கொடையாளி என்னும் பெயரையும் பெற்றோம்! அன்பர்களே, பணம் அன்றே திரும்பிவிட்டது. அந்த வாழ்த்தை இன்னும் நம்மால் திருப்பித்தர இயலவில்லை.

சட்டம் என்ன கூறுகிறது? 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 403ஆம் பிரிவில் ஓர் எடுத்துக்காட்டைத் தந்தது. உரியவர் இன்னார் என்று அறியாமல் நெடுஞ்சாலையில் ஒரு ரூபாயைக் கண்டெடுப்பவன் குற்றவாளி அல்லன் என்பது அது. 2024 சூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்கிதையின் 314ஆம் பிரிவிலும் அவ்வெடுத்துக்காட்டு உண்டு. ஆயின் உரியவரை அறிந்தோ, அறிய வழியிருந்தும் முயலாமலோ, அவருக்குத் தக்க காலம் தராமலோ, தனதாக்கிக் கொள்பவன் குற்றவாளியே. ஆக, எடுத்தது குற்றமன்று. தேடாமல் வைத்துக்கொண்டதே குற்றம். வள்ளுவரோ கள்ளாமை என்னும் 29ஆம் அதிகாரத்தில், பிறர் பொருளைக் கவர உள்ளத்தால் எண்ணுவதையே தீது என்கிறார்.

தொலைத்தவர் தேடி வருவது தொலைத்த இடத்திற்கே. ஆதலின் பேருந்தில் கிடைத்ததை நடத்துனரிடமும், கடையில் கிடைத்ததைக் கடைக்காரரிடமும், நிலையத்தில் கிடைத்ததை நிலைய அதிகாரியிடமும் ஒப்படைப்பதே முறை. நடுத்தெருவில் கிடக்கும் ஒற்றைக் காசுக்கு உரியவரைக் காண இயலாதுதான். அதனை எளியவர்க்கு ஈக, உண்டியலில் இடுக. ஆனால் அதனை நம் தருமமாகக் கணக்கெழுதிக் கொள்ளலாகாது.

பயணச்சீட்டுக் கொடுக்கும் சாளரத்தில் பணம் குறைந்தால் எழுத்தர் தம் கைப்பொருளால் ஈடு செய்ய வேண்டும்; மிகுந்தால் அது அவருடையதன்று, கணக்கில் சேர்க்க வேண்டும். இஃது அநீதி என்று இளமையில் எண்ணினோம். இன்று, நம்முடையது எது, நம்முடையது அல்லாதது எது என்பதை நாள்தோறும் நினைவூட்டும் பாடமாகவே கொள்கிறோம்.

நம் குடியிருப்பின் பிள்ளைகள் காசு ஒன்றைக் கண்டெடுத்து ஓடிவந்தால், "உனக்கு அதிர்ஷ்டம்" என்று கூறாதீர்கள். "எங்கே கிடைத்தது? யார் தேடுவார்?" என்று கேளுங்கள். அவ்விரு கேள்விகளை அன்று நாம் நம்மையே கேட்டிருந்தால், அம்மூதாட்டியின் முன் தலைகுனிந்து நின்றிருக்க மாட்டோம்.