கதை போல எழுதுங்கள், கதை கட்டாதீர்கள்!

(இளைஞர்களுக்கான எழுத்துப் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



நம் பகுதியில் ஒரு பிரச்னை என்றால் நாம் எப்படி எழுதுகிறோம்? "பொதுமக்கள் சொல்லொணாத் துயரத்திற்கு ஆளாகியுள்ளனர். வன்மையாகக் கண்டிக்கிறோம்." அவ்வளவுதான்! அதிகாரி முதல் வரியோடு மனுவை மூடிவிடுகிறார். பத்திரிகைக்காரர் ஒதுக்கி விடுகிறார். குறை அவர்களிடம் மட்டும்தானா? நம் எழுத்தில் இல்லையா?

ஒரு சம்பவம் சொல்கிறேன். 1945 ஆகஸ்ட் 6 அன்று அமெரிக்கா ஹிரோஷிமாவில் அணுகுண்டு வீசியது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 1,40,000 பேர் மாண்டதாகக் கணக்கு. ஆனால் அமெரிக்க மக்களில் பெரும்பாலோருக்கு அது வெறும் புகை மண்டலத்தின் படம். ஒரு பெரிய எண்.

ஓராண்டு கழித்து ஜான் ஹெர்ஸி என்ற பத்திரிகையாளர் அங்கு நடந்ததை எழுதினார். 1946 ஆகஸ்ட் 31 தேதியிட்ட 'நியூ யார்க்கர்' இதழ் முழுவதும் அந்த ஒரே கட்டுரைதான்! இதழ் விற்றுத் தீர்ந்தது. வானொலியிலும் முழுமையாக வாசித்தார்கள்.

அவர் செய்தது என்ன? லட்சம் பேரைப் பற்றி எழுதவில்லை. உயிர் தப்பிய ஆறே பேரைப் பற்றி எழுதினார். அவர்களில் ஒருத்தி அலுவலக எழுத்தர். குண்டு வெடித்த நொடியில் பக்கத்து மேசைப் பெண்ணிடம் பேசத் தலையைத் திருப்புகிறாள். கட்டுரை அங்கே தொடங்குகிறது. பிறகு புத்தக அலமாரிகள் அவள் மீது சரிகின்றன, கால் முறிகிறது. அவளை அப்படியே விட்டுவிட்டு அடுத்தவரிடம் போகிறார் ஹெர்ஸி. அவள் பிழைத்தாளா என்று அறிய வாசகன் பக்கத்தைப் புரட்டுகிறான். "கொடூரம்! அநியாயம்!" என்று ஹெர்ஸி கூவவில்லை. அதைச் சொன்னது வாசகனின் உள்ளம்!

வியாபாரிகளே, இது உங்களுக்குத் தெரியாத வித்தையா? "தரமான துணி" என்று நூறு முறை சொல்வதைவிட, துணியை விரித்து வாடிக்கையாளர் கையில் கொடுப்பதுதானே வியாபாரம்?

கடைத்தெருவில் சாக்கடை அடைத்துக் கொண்டதா? "சுகாதாரக் கேடு" என்று தொடங்காதீர்கள். எந்தக் கடை, எந்தத் தேதி, ஷட்டரைத் தூக்கியபோது தண்ணீர் எத்தனை அங்குலம், எத்தனை அரிசி மூட்டை நனைந்தது என்று எழுதுங்கள். ஒரு கடைக்காரரின் ஒரு காலைப் பொழுதைக் காட்டுங்கள். அதன்பின் மொத்தக் கடைகளின் கணக்கைக் கொடுங்கள். அப்போது அந்த எண்ணுக்கும் உயிர் வரும்.

ஓர் எச்சரிக்கை! ஹெர்ஸி ஹிரோஷிமாவுக்கே சென்று, மக்களை நேரில் சந்தித்துக் கேட்டு எழுதினார். நனைந்தது 4 மூட்டை என்றால் 40 என்று எழுதாதீர்கள். அந்த ஒரு பொய் வெளிப்பட்டால் மற்ற உண்மைகளும் பொய்யாகிவிடும். நஷ்டம் எழுதியவருக்கு மட்டுமல்ல. நனைந்த மூட்டைக்குச் சொந்தக்காரருக்கும்தான்.

பேனாவை எடுக்கும் முன் பாதிக்கப்பட்டவர் வீட்டுக்குப் போங்கள். உட்கார்ந்து கேளுங்கள். பிறகு எழுதுங்கள்.