சும்மா நிற்கும் மனிதர்

ரயிலில் போகும்போது சன்னலோரம் அமர்ந்து வெளியே பார்த்துக்கொண்டு போவதில் நம்மில் பலருக்கு விருப்பம் உண்டு. வயலும் குளமும் பனைமரமும் ஓடி மறையும். இடையே எங்கேனும் ஓரிடத்தில், பாதையோரத்தில் பத்துப் பேர் கடப்பாரையும் சம்மட்டியுமாக ஒதுங்கி நிற்பது கண்ணில் படும். அவர்களை விட்டுச் சற்றுத் தள்ளி ஒருவர் மட்டும் கையில் கொடி ஏந்தி நிற்பார். அவரிடம் கடப்பாரை இல்லை. அவர் உடம்பில் வியர்வையும் அதிகம் இல்லை. "இத்தனை பேர் பாடுபடும்போது இவர் மட்டும் ஏன் சும்மா நிற்கிறார்?" என்று நமக்குத் தோன்றலாம். அந்தச் சும்மா நிற்கும் மனிதரைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன். அவரைப் பற்றி நான் கற்றுக்கொண்ட பாடத்திற்கு வேறொருவர் விலை கொடுக்க நேர்ந்தது.

நான் இருப்புப்பாதையைப் பராமரிக்கும் பிரிவில் மேற்பார்வையாளனாக 1979ஆம் ஆண்டில் சேர்ந்து, முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். நான் சேர்ந்த காலத்தில் தென்னாட்டில் நீராவி எஞ்சின்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. வண்டி கண்ணுக்குத் தெரியுமுன் புகை தெரியும். புகை தெரியுமுன் ஓசை கேட்கும். தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் ஒவ்வொரு மூட்டிலும் சக்கரம் ஏறி இறங்கும்போது எழும் தாளம் நெடுந்தூரம் கேட்கும். பழைய கேங்மேன்கள் ஓசையை வைத்தே, வருவது சரக்கு வண்டியா பயணிகள் வண்டியா என்று சொல்லிவிடுவார்கள். காதை நம்பி வேலை செய்யும் பழக்கம் அக்காலத்தில்தான் வேரூன்றியது. காலம் மாறிய பின்பும் பழக்கம் மாறவில்லை.

இனி அந்த நிகழ்ச்சியைக் கூறுகிறேன். அது 1984ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். இரட்டைப் பாதை உள்ள ஒரு பகுதி. பாதை அங்கே வளைந்து செல்கிறது. நாலைந்து நாள் விடாது பெய்த மழையில் பாதை ஓரிடத்தில் தாழ்ந்துவிட்டது. அவ்விடத்தில் எல்லா வண்டிகளும் வேகம் குறைத்துச் செல்லவேண்டும் என்று உத்தரவு போடப்பட்டிருந்தது. பாதையைச் சீர் செய்து அந்த உத்தரவை விரைவில் நீக்கவேண்டும் என்பதே என் கவலையெல்லாம். அன்று கேங்கில் எட்டுப் பேர்தான் வந்திருந்தார்கள். கட்டைகளுக்கு அடியில் ஜல்லியைக் குத்தி இறுக்கும் வேலை தொடங்கும் சமயத்தில், மேஸ்திரி என்னிடம் வந்தார்.

"வளைவாக இருக்கிறது சார். ஒருவரைக் கொடியோடு நிறுத்திவிடட்டுமா?" என்று கேட்டார்.

"இருப்பதே எட்டுப் பேர். ஒருவர் சும்மா நின்றால் வேலை எப்படி முடியும்? எல்லாரும் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்" என்றேன் நான்.

என்னைவிட வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர் அவர். ஆயினும் சொன்னவன் அதிகாரி அல்லவா? மறுபேச்சுப் பேசாமல் போய்விட்டார்.

சிறிது நேரத்தில் நாங்கள் வேலை செய்த பாதையில் ஒரு சரக்கு வண்டி வந்தது. வேகம் குறைவாகையால் எல்லாரும் அதை முன்னதாகவே பார்த்துவிட்டார்கள். வயல் பக்கத்தில் வாய்க்கால் நிரம்பி வழிந்தது. ஓரம் முழுவதும் சேறு. எனவே அவர்கள் ஒதுங்குவதற்காகப் பக்கத்துப் பாதையின்மேல் ஏறி நின்றார்கள். நான் மட்டும் இப்புறம் சேற்றில் நின்றேன். அவர்கள் எங்கே ஒதுங்கினார்கள் என்பதை நான் கண்ணாரக் கண்டேன். கண்டும் ஒன்றும் சொல்லவில்லை. ஏனெனில், அவ்வாறு ஒதுங்குவதை அதற்கு முன்பும் பலமுறை கண்டிருக்கிறேன். ஒருமுறையும் தீங்கு நேர்ந்ததில்லை.

சரக்கு வண்டி எனக்கும் அவர்களுக்கும் இடையே நீண்ட சுவர்போல் போய்க்கொண்டிருந்தது. அதன் இரைச்சலில் வேறொன்றும் கேட்கவில்லை. திடீரென்று எதிர்த்திசையிலிருந்து ஊதல் ஒலி கேட்டது. ஒரு விரைவு வண்டி அந்தப் பக்கத்துப் பாதையில் வந்துவிட்டது. என்னால் எதையும் பார்க்க முடியவில்லை. சரக்கு வண்டியின் கடைசிப் பெட்டி கடந்த பின்னர் ஆட்களை எண்ணினேன். ஏழு பேர் நின்றார்கள். அவர்களில் மூத்தவர், ஓய்வு பெற இரண்டே ஆண்டுகள் இருந்தவர், தாம் கீழே வைத்திருந்த கருவியை எடுக்கக் குனிந்தார் என்று பின்னர் சொன்னார்கள். அவர் என்னைப் பிறர் முன்னிலையில் 'சார்' என்றும், தனியே இருக்கும்போது 'தம்பி' என்றும் அழைப்பவர்.

விசாரணை நடந்தது. என்மீது குற்றம் காணப்பட்டுத் தண்டனையும் விதிக்கப்பட்டது, அது நியாயமே. ஆனால் விசாரணையில் கேட்கப்பட்ட கேள்விகள் ஒன்றும் இன்று என் நினைவில் இல்லை. சில வாரங்கள் கழித்து, ஏதோ காகிதத்தில் கையொப்பம் இட வந்த அவர் மனைவி கேட்ட கேள்வி மட்டும் நினைவில் நிற்கிறது.

"வண்டி வருகிறதா என்று பார்ப்பதற்கென்றே ஓர் ஆள் நிற்பாராமே ஐயா, அன்றைக்கு யார் நின்றது?"

"எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் அம்மா இருந்தோம்" என்றேன்.

அந்த அம்மாள் மறுமொழி கூறவில்லை. ஆனால் நான் சொல்லி முடிக்குமுன்பே என் சொல்லின் பொய்ம்மை எனக்கு விளங்கிவிட்டது. எல்லாரும் பார்க்கவேண்டும் என்று விட்டுவிட்ட காரியத்தை ஒருவரும் பார்ப்பதில்லை. குனிந்து ஜல்லியைக் குத்துகிறவனுடைய கண் ஜல்லியின்மேல் இருக்கும். அதுதான் அவன் தொழில்; அதில் அவன்மீது குற்றமில்லை. வேறு எந்த வேலையும் இல்லாத ஒருவரால்தான் வண்டியைப் பார்க்க முடியும். ஆகவே சும்மா நிற்பதுதான் அவருடைய வேலை.

இதைக் கணக்குப் போட்டும் பார்க்கலாம். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடியில் 30 மீட்டர் கடந்துவிடும். 130 கிலோமீட்டர் வேகமாயின் 36 மீட்டர். வளைவில் 300 மீட்டர் தொலைவுதான் கண்ணுக்குத் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி கண்ணில் பட்டதற்கும் நம்மிடம் வந்து சேர்வதற்கும் இடையே எட்டு அல்லது பத்து விநாடிகளே உண்டு. அதற்குள் தலை நிமிர்ந்து பார்க்கவேண்டும், கருவியை எடுக்கவேண்டும், பாதையை விட்டு இறங்கவேண்டும். எங்கே இறங்குவது என்று அப்போதுதான் யோசிப்பவனுக்கு நேரம் போதாது.

நேராக நம்மை நோக்கி வரும் வண்டியின் வேகத்தை அளக்கவும் நம் கண்ணுக்குத் திறமை போதாது. அது பக்கவாட்டில் நகர்வதில்லை; உருவம் மட்டும் சிறிது சிறிதாகப் பெருக்கிறது. பெரிய பொருள் மெல்ல வருவதுபோலவே தோற்றம் அளிக்கும். காதும் இன்று பழையபடி துணை செய்வதில்லை. மின்சார எஞ்சினுக்குப் புகையில்லை. தண்டவாளங்களை நெடுந்தூரம் ஒன்றாகப் பற்றவைத்துவிட்டபடியால் மூட்டுகளின் தாளமும் போய்விட்டது. இவற்றோடு, காதில் கைப்பேசியின் கேட்பொறியையும் செருகிக்கொண்டு பாதையில் நடப்பவர்களைப் பற்றி என்ன சொல்வது!

இது நம் நாட்டிற்கு மட்டும் உரிய குறை என்று எண்ணவேண்டாம். 2019ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் நாள், வேல்ஸ் நாட்டில் மார்கம் என்னும் இடத்தில் பாதை வேலை செய்துகொண்டிருந்த இருவர் ரயில் மோதி இறந்தனர். உடனிருந்த மூன்றாமவர் மயிரிழையில் தப்பினார். பேரிரைச்சல் எழுப்பும் இயந்திரம் ஒன்றை இயக்கியதனால் அவர்கள் காதுகளை மூடிக்கொண்டிருந்தனர். ஓட்டுநர் ஊதலை ஒலித்தும் பயனில்லை. வண்டியைப் பார்ப்பதற்கென்று அவர்கள் பக்கத்தில் ஒருவரும் நிறுத்தப்பட்டிருக்கவில்லை. அந்தச் செய்தியைப் படித்தபோது, முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் என்னைக் கேட்ட அந்த அம்மாளின் குரலே மீண்டும் என் காதில் ஒலித்தது.

பாதை வேலையில் இருக்கும் தம்பிமார்களும் தங்கைமார்களும் இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். நீங்கள் அறிந்த விதிகளே எனினும், நான் இழந்த ஒருவரை நினைத்து மறுமுறை சொல்கிறேன்.

எந்த நேரத்திலும், எந்தத் திசையிலும், எந்தப் பாதையிலும் வண்டி வரும் என்றே எண்ணுங்கள். இரட்டைப் பாதையில் ஒரு திசைக்கு ஒன்று என்று இருந்தாலும், தேவை நேரும்போது மாற்றுத் திசையிலும் வண்டி விடுவது உண்டு. கால அட்டவணை பயணிகளுக்காக ஏற்பட்டது. அதில் சரக்கு வண்டி இல்லை, தனி எஞ்சினும் இல்லை.

வேலையைத் தொடங்குமுன்பே ஒதுங்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அது பாதையின் வெளிப்புறமாக இருக்கட்டும். பக்கத்துப் பாதை ஒதுங்குமிடம் அன்று. இரண்டு பாதைகளுக்கு நடுவிலுள்ள இடமும் அன்று. வெளிப்புறத்தில் சேறு இருந்தால் சேற்றில் இறங்குங்கள். சேற்றைக் கழுவிவிடலாம். எல்லாரும் ஒரே பக்கத்தில் ஒதுங்கவேண்டும். கருவிகளையும் பாதையில் போட்டுவிடாமல் முன்னதாகவே எடுத்துவிடவேண்டும். ஒதுங்கிய பின்பு ஒரு கருவிக்காகத் திரும்பிப் போகலாகாது. இரும்பை மறுபடியும் வாங்கிக்கொள்ளலாம். ஒரு வண்டி கடந்த உடனே பாதையில் ஏறாதீர்கள்; அதன் மறைவில் இன்னொன்று வரக்கூடும்.

தண்டவாளத்தின்மேல் கால் வைக்காதீர்கள். மழையிலும் பனியிலும் அது வழுக்கும். வண்டியைப் பாதை மாற்றிவிடும் இடங்களில் தண்டவாளங்களின் இடுக்கில் கால் வைக்கவே கூடாது. தொலைவில் ஒருவர் இயக்க, அவை இங்கே சேர்ந்துகொள்ளும். உங்கள் கால் இருப்பது அவருக்குத் தெரியாது. நிற்கும் சரக்குப் பெட்டிக்கு அடியில் புகுந்து போகாதீர்கள். பாலத்திலும் குகையிலும் நுழையுமுன் ஒதுங்குமிடங்கள் எங்கெங்கே உள்ளன என்று தெரிந்துகொள்ளுங்கள். தலைக்குமேல் செல்லும் மின்கம்பியில் 25,000 வோல்ட் பாய்கிறது. உடலோ கருவியோ அதற்கு இரண்டு மீட்டருக்குள் போகக்கூடாது. நீண்ட கழியைத் தோளில் நிமிர்த்தித் தூக்கிச் செல்வதும் ஆபத்தே.

பாதையைப் பெயர்த்து வேலை செய்யும்போது, விதிப்படியான பாதுகாப்பைக் குறைக்காதீர்கள். அகலப் பாதையில் வேலை நடக்கும் இடத்திலிருந்து 600 மீட்டரில் குறுக்கே சிவப்புக் கொடித் துணியும், 1,200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று வெடிகளும் வைக்கவேண்டும் என்பது விதி. ஒற்றைப் பாதையாயின் இருபுறமும் வைக்கவேண்டும். சக்கரம் ஏறியதும் வெடி வெடித்து ஓட்டுநரை எச்சரிக்கும். இந்த வெடியை 1841ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் எட்வர்டு கௌப்பர் என்பவர் மூடுபனிக் காலத்திற்காகக் கண்டுபிடித்தார். இத்தனை காலத்திற்குப் பின்பும் அதன் பயன் குறையவில்லை. விரைந்து வரும் வண்டி நினைத்தவுடன் நிற்காது என்பதை அந்த 1,200 மீட்டரே சொல்லிவிடுகிறது.

மேற்பார்வை செய்யும் இளைஞர்களுக்கு ஒரே ஒரு சொல். ஆள் குறைவாயிருக்கிறது என்று கொடிக்காரரை வேலையில் சேர்க்காதீர்கள். ஆள் போதாவிட்டால் வேலையைக் குறையுங்கள், நாளைக்குத் தள்ளிவையுங்கள். உங்கள் மேஸ்திரி தயங்கித் தயங்கி ஒன்று சொன்னால், நின்று கேளுங்கள். அவர் தயங்குவது உங்கள் பதவியைக் கண்டுதான். விஷயம் தெரியாமல் அல்ல. வண்டி புறப்பட்டதை வானலை மூலம் அறிவித்து எச்சரிக்கும் சிறு கருவிகள் சில பகுதிகளில் இப்போது வந்திருக்கின்றன. நல்லதுதான். ஆனால் கருவி வந்துவிட்டது என்பதற்காக மனிதரை எடுத்துவிடக்கூடாது.

அந்த ஐப்பசிக்குப் பின்னர் முப்பது ஆண்டு நான் பணியில் இருந்தேன். கொடிக்காரர் இன்றி வளைவில் ஒருநாளும் வேலை தொடங்கியதில்லை. அதனால் வேலை தாமதமாயிற்று. மேலதிகாரிகளிடம் பேச்சும் கேட்டேன். ஆனால் மாலையில் ஆட்களை எண்ணியபோது எண்ணிக்கை ஒருநாளும் குறைந்ததில்லை. இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. முதல் நாளிலிருந்தே செய்யவேண்டிய ஒன்றை, ஒருவர் போன பின்பு செய்தேன் என்பதற்காகவே சொல்கிறேன்.

நேயர்களே, அடுத்த முறை நீங்கள் ரயிலில் செல்லும்போது, பாதையோரத்தில் கொடியுடன் ஒருவர் சும்மா நிற்பதைக் கண்டால், அவர் சோம்பி நிற்கிறார் என்று எண்ணிவிடாதீர்கள். அன்று மாலை பத்து வீடுகளில் ஆட்கள் திரும்பி வந்து கைகால் கழுவிச் சோற்றுக்கு உட்காருவார்கள். அவர் அங்கே நிற்பது அதற்காகத்தான்.