இரண்டு கல்லூரியிலும் இடம்

எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத் தாம்பரம் கிறித்தவக் கல்லூரியிலும் இடம், நுங்கம்பாக்கம் லயோலாவிலும் இடம். ஒன்று 1837-இல் தொடங்கியது, மற்றொன்று 1925-இல். பேரை வைத்துத் தராசு சாயாது.

நான் சொன்னது இதுதான்: "கல்லூரியைப் பார்க்க விழா நாளில் போகாதேம்மா, வேலைநாளில் போ. காலை நெரிசலில், நீ தினமும் போகப்போகும் மின்சார ரயிலில் ஏறிப் பார். நீ சேரப்போகும் துறையில் இரண்டாம் ஆண்டு படிப்பவர்களிடம் பேசு. வகுப்பு ஒழுங்காக நடக்கிறதா, ஆய்வகத்தில் கைவைத்துச் செய்ய விடுகிறார்களா என்று கேள்." கல்லூரியைவிடத் துறைதான் முக்கியம் என்பது என் உறுதியான எண்ணம்.

பெற்றோரின் பயம் பணத்தைப் பற்றியது. ஒன்றில் கட்டிவிட்டால் போனது போனதுதான் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி, சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால் கட்டணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும். அதில் நடைமுறைச் செலவாக மட்டும் 5 விழுக்காடு வரை, அதுவும் 5,000 ரூபாய்க்கு மிகாமல், பிடிக்கலாம். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி தன்னிடமே வைத்துக்கொள்ளவும் கூடாது.

பெற்றோர்களே, பணம் கட்டும் அன்றே அந்தக் கடைசித் தேதியைக் கேட்டு, நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.