அரங்கும் ஆட்டமும்

(காக்களூரில் நடைபெற்ற பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கல்லாமை என்னும் அதிகாரத்தின் முதற்குறளில் வள்ளுவர் ஓர் உவமை தருகின்றார். நிரம்பிய நூலறிவின்றி அவையில் பேசப் புகுவது, கட்டம் வகுக்காமல் வட்டாடுவதைப் போன்றது என்பது அதன் கருத்து. பேச வருவோர் அனைவருக்கும் இஃது ஓர் எச்சரிக்கை. அவ்வெச்சரிக்கையைத் தலைமேற்கொண்டு, அந்த உவமையையே இன்றைய உரைக்குப் பொருளாகக் கொள்ளலாம். அறிந்ததைக் கொண்டு அறியாததை விளக்குவது உவமை. ஆட்டத்திற்கு முதலில் அரங்கு வேண்டும் என்பது அன்று தெருவில் ஆடிய சிறுவரும் அறிந்திருந்த செய்தி. அதனாலேயே கல்வியின் இன்றியமையாமையை விளக்க அது வள்ளுவர்க்குப் பயன்பட்டது.

பண்டைத் தமிழர் வாழ்வில் விளையாட்டு பொதுவெளிக்கு உரியதாக இருந்தது. ஏறு தழுவும் தொழுவமும் அதைச் சூழ்ந்து நின்ற ஊராரும் முல்லைக்கலியில் காட்சி தருகின்றனர். பட்டினப்பாலையில் நெல் காக்கும் பெண் கோழியை ஓட்ட எறிந்த பொற்குழை, சிறுவர் உருட்டிவரும் மூன்றுகால் சிறுதேரைத் தடுத்து நிறுத்துகின்றது. நற்றிணையில் தோழியரோடு விளையாடியபோது வெண்மணலில் புதைத்து மறந்த புன்னை விதை முளைத்து மரமாகி, தலைவிக்குத் தங்கையாகவே ஆகிவிடுகின்றது. விளையாடிய இடத்தோடு உறவுகொள்ளும் மனத்தை இதைவிட நுட்பமாகச் சொல்ல இயலாது.

விளையாட்டு, பாட்டுக்குப் பொருளானதோடு நில்லாமல் வடிவமும் தந்தது. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக்காதையில் அம்மானை வரியும் கந்துக வரியும் ஊசல் வரியும் அமைந்துள்ளன. மணிவாசகர் அம்மானையையும் பூவல்லியையும் பொன்னூசலையும் இறைவனைப் பாடும் வாயில்களாக ஆக்கிக்கொண்டார். பெண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவங்கள் விளையாட்டுகளின் பெயரைத் தாங்கியவை. இவற்றுள் பெரும்பாலானவை மகளிர் ஆடியவை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. அப்பெண்கள் ஆடாதிருந்தால் தமிழ்க் கவிஞர்க்கு இத்தனை வடிவங்கள் கிடைத்திரா.

ஆயினும் அதே இலக்கியம் மற்றொன்றையும் பதிவுசெய்துள்ளது. ஆயத்தோடு ஓரையாடிய பெண், பருவம் எய்தியதும் வீட்டுக்குள் காவலில் வைக்கப்படுகின்றாள். இதனை இற்செறிப்பு என்கின்றோம். காதற்கதையின் ஒரு திருப்பமாகவே வகுப்பறைகளில் இதனைக் கற்பித்துப் பழகிவிட்டது. விளையாட்டின் பக்கமிருந்து நோக்கினால், அது ஒருத்தியின் ஆட்டம் பாதியில் கலைக்கப்பட்ட நாள். அவள் விட்டுச்சென்ற மணலில் பின்னர் யார் ஆடினர் என்று எவரும் கேட்டதில்லை.

அக்கேள்வியோடு இன்றைய காக்களூருக்கு வரலாம். திருவள்ளூரை ஒட்டி இங்குச் சிட்கோ தொழிற்பேட்டை இயங்குகின்றது. வடகிழக்கே கும்மிடிப்பூண்டியில் சிப்காட் வளாகம். ஞாயிற்றுக்கிழமை மாலையில் லாரிகள் ஓய்ந்ததும் தொழிற்பேட்டையின் சாலை ஆடுகளமாகின்றது. சுற்றுச்சுவரில் கரியால் மூன்று கோடு கிழித்தால் அதுவே விக்கெட். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்த இளைஞரும் உள்ளூர்ப் பிள்ளைகளும் ஒரே அணியில் ஆடுவர். ஒருவர் மொழி மற்றவர்க்குத் தெரியாது. அவுட் என்ற ஒரு சொல் போதும். கோடையில் ஏரி வற்றினால் அதன் தரையும் திடலாகும். வேறு திடல் இருந்திருந்தால் சாலையிலும் ஏரியிலும் ஆட வேண்டிய தேவை அவர்க்கு இராது.

அந்த ஆட்டத்தில் பெண்ணைக் காண இயலாது. ஷிப்ட் முடிந்து அடையாள அட்டையைக் கழற்றாமலே வரும் பத்தொன்பது வயதுப் பெண், ஆடுவோரைச் சுற்றி ஓரமாக நடந்து வீட்டுக்கோ விடுதிக்கோ செல்கின்றாள். பள்ளியில் அவளும் கபடி ஆடியிருக்கலாம். இன்று ஞாயிறு அவளுக்குத் துணி துவைக்கும் நாள். தன்னைப் பேணத் தானே உழைத்துப் பொருளீட்டும் பெண்ணையும் ஆடுகளத்தைப் பொறுத்தவரை இற்செறிப்பு விடவில்லை.

சட்டங்கள் இல்லாமல் இல்லை. பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் காக்க 1959ஆம் ஆண்டிலேயே இம்மாநிலத்தில் சட்டம் இயற்றப்பட்டது. பெரிய மனைப்பிரிவுகளில் சாலை நீங்கலான நிலத்தில் பத்தில் ஒரு பங்கைப் பொதுவெளியாக ஒதுக்குதல் வேண்டும் என்பது விதி. 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை தன் 31ஆம் பிரிவில் விளையாடும் உரிமையைக் கூறுகின்றது. இந்தியா 1992இல் அதனை ஏற்றது. அவ்வுரிமை பதினெட்டு வயதோடு முடிகின்றது. பத்தொன்பது வயதுத் தொழிலாளிக்கு ஓய்வு உண்டு. ஓய்வில் ஆட இடம் உண்டா என்பதைப் பற்றி எவ்விதியும் கவலைப்படவில்லை.

இடம் கிடைத்தால் என்ன நிகழும் என்பதற்குச் சான்றுகள் அண்மையிலேயே உள்ளன. 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமா, வடசென்னையில் ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டிகளில் இந்திய மகளிர் கபடி அணி தங்கம் வென்றது. அவ்வணியில் ஆடிய கார்த்திகா சென்னைக் கண்ணகி நகரைச் சேர்ந்தவர். நகரின் நடுவிலிருந்து அகற்றப்பட்ட எளிய குடும்பங்கள் குடியமர்த்தப்பட்ட பகுதி அது. கந்துக வரி இடம்பெற்ற காப்பியத்தின் தலைவி பெயரைத் தாங்கிய குடியிருப்பில் ஒரு பெண்ணுக்குக் கபடிக் களம் கிடைத்தது. அவள் பதக்கத்தோடு திரும்பினாள்.

எல்லாப் பெண்களும் பதக்கம் வெல்ல வேண்டும் என்பதன்று இதன் கருத்து. வெல்லாதவர்க்கும் மூச்சிரைக்க ஓடிச் சிரிக்கும் உரிமை உண்டு. உழைப்பிற்குக் கூலி உண்டு. விளையாட்டிற்கு அது தரும் மகிழ்ச்சியே பயன். கவிதை எழுதுவோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. கூலி கருதாத உழைப்பை அவர்கள் நன்கு அறிவர்.

அரங்கு என்னும் சொல் ஆடுகட்டத்திற்கும் வழங்குகின்றது. இத்தகைய அவைக்கும் வழங்குகின்றது. பத்தாண்டுகளுக்கு முன் இவ்விலக்கிய வட்டத்தார் தமக்கென ஓர் அரங்கை வகுத்துக்கொண்டமையால்தான் இத்தனை கவிதைகள் பிறந்தன. அந்நன்றியை அடுத்த ஆண்டில் செயலாக்கலாம். மாதக் கூட்டங்களுள் ஒன்றைத் திறந்த திடலில் நடத்துக. ஆலைப் பெண்களை அழைத்து, அவர்கள் ஊரில் ஆடிய ஆட்டங்களையும் அவற்றின் பாட்டுகளையும் கேட்டு எழுதிக்கொள்க. பாட்டுச் சொல்லி முடித்தபின் அவர்கள் எழுந்து ஆட விரும்பினால், கவிஞர்கள் ஒதுங்கி இடம் விடுக. அவ்வளவே வேண்டுகோள்.