மலைக்கு அனுப்பலாமா, வேண்டாமா?

(எங்கள் கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. குழுக் கூட்டத்துல தீர்மானம் வாசிச்சுப் பழக்கமே தவிர, மைக் பிடிச்சுப் பழக்கம் இல்லை. தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

பிள்ளைகள் படிப்பைப் பற்றிப் பேசச் சொன்னாங்க. நான் பேசப்போறது வகுப்பறைக்கு வெளியே நடக்கிற படிப்பு. மலை ஏறுவது, கூடாரம் போட்டுத் தங்குவது, கயிறு பிடிச்சு ஏறுவது, திசை பார்த்து நடப்பது, நீச்சல். இதுக்கு சாகசக் கல்வி என்று பேர் சொல்றாங்க. இது நமக்கெதுக்கு, பணக்காரப் பிள்ளைகள் சமாச்சாரம்தானே என்றுதான் நானும் நினைச்சிருந்தேன்.

என் மகள் ஒன்பதாவது படிக்கும்போது, பள்ளிக்கூடத்துல சாரணியர் படையில் சேர்ந்திருந்தாள். ஜனவரி மாசம் ஒருநாள் சம்மதக் கடிதம் கொண்டுவந்து நீட்டினாள். மலையடிவாரத்தில் முகாம், மூணு பகல், ரெண்டு ராத்திரி. 600 ரூபாய் கட்டணும். நான் படிச்சுக்கூடப் பார்க்காம, "அதெல்லாம் வேண்டாம்" என்று சொல்லிட்டேன்.

என் பயம் உங்களுக்குத் தெரியும். நாம தேனி மாவட்டத்துக்காரங்க. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை, குரங்கணி மலையில் தீப் பிடிச்சது. மலை ஏற வந்தவங்க காய்ஞ்ச புல்லுக்கு நடுவுல மாட்டிக்கிட்டாங்க. 20 பேருக்கும் மேல இறந்துபோனாங்க. அதுல நிறைய பேர் சின்ன வயசுப் பெண்கள். அன்னிக்கு ராத்திரி போடி ரோட்டுல ஆம்புலன்ஸ் போன சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. அதுக்கப்புறம் மலை என்றாலே எனக்கு அந்த ராத்திரிதான்.

மகள் அழவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ஏம்மா, நீ சின்னப் பிள்ளையில பாட்டிகூட விறகுக்கு மலைக்குப் போகலையா?" போனேன். தலையில விறகுக் கட்டு வைச்சுக்கிட்டு செருப்பில்லாம இறங்கியிருக்கேன். வேலைக்கு அனுப்பும்போது மலை ஆபத்தா தெரியலை, படிக்க அனுப்பும்போது மட்டும் ஆபத்தா தெரியுது. என்னிடம் பதில் இல்லை.

இன்னொன்னும் ஞாபகம் வந்தது. நான் பத்தாவது படிக்கையில் பள்ளிக்கூடத்துல சுற்றுலா போனாங்க. எங்க அப்பா கையெழுத்து போடலை. காரணமும் சொல்லலை. எங்க அப்பாவைக் குறை சொல்லலை, அந்தக் காலம் அப்படி. ஆனா அதே கையெழுத்தை அதே மாதிரி நானும் போடாம இருக்கேனே என்று அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை.

அந்த வாரக் குழுக் கூட்டத்துல சேமிப்பு வசூல் முடிஞ்சதும் இதைச் சொன்னேன். எங்க ஊக்குநர் அக்கா சொன்னாங்க: "உள்கடன் கேட்டா என்ன பண்றோம்? எதுக்கு, எவ்வளவு, எப்படித் திருப்புவே என்று விசாரிக்கிறோம். விசாரிக்காம கொடுக்கவும் மாட்டோம், விசாரிக்காம மறுக்கவும் மாட்டோம். இதுக்கும் அப்படியே போய் விசாரி." நானும் ரெண்டு பேரும் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். டீச்சர் கோபப்படலை. எந்த இடம், யார் அனுமதி, பாதை தெரிஞ்சவர் யார் என்று எல்லாத்துக்கும் பதில் சொன்னாங்க. 42 பிள்ளைகளுக்கு எத்தனை பெண் டீச்சர், கழிப்பறை எத்தனை என்று கேட்டதுக்கு மட்டும் தயங்கினாங்க. "அப்ப அம்மாமார்ல ஒருத்தர் கூட வர்றோம்" என்று சொன்னோம். நானே போனேன்.

முதல் ராத்திரி பாதிப் பிள்ளைகள் அழுதுச்சு. உப்புமா அடிபிடிச்சுப்போச்சு. ஆனா மறுநாள் காலையில அதே பிள்ளைகள் கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கூடாரத்தை இழுத்துக் கட்டினாங்க. வகுப்புல வாயே திறக்காத ஒரு பிள்ளை, அணித் தலைவியா நின்னு ஏழு பேருக்கு வேலை பிரிச்சுக் கொடுத்தாள். மார்க் ஷீட்டுல வராத புத்தி அங்க வெளியே வந்தது.

மலை ஏறி இறங்கும்போது ஒரு பிள்ளை வழுக்கி விழுந்து கணுக்கால் பிசகிப்போச்சு. நான் ஓடிப்போய்த் தூக்கப் போனேன். டீச்சர் என் கையைப் பிடிச்சு, "கொஞ்சம் பொறுங்கம்மா, அவங்க பார்ப்பாங்க" என்று சொன்னாங்க. என் மகளும் இன்னொரு பிள்ளையும் கழுத்துல கட்டியிருந்த ஸ்கார்ஃபை அவிழ்த்து அந்தக் காலைச் சுத்திக் கட்டினாங்க. நாலு கையைக் கோர்த்து நாற்காலி மாதிரி பண்ணி, உட்கார வைச்சுத் தூக்கி வந்தாங்க. விழுந்தா என்ன பண்ணணும் என்று அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தது. நாம விழாதே என்று மட்டும்தான் சொல்லி வளர்க்கிறோம்.

குறையையும் சொல்லணும். கழிப்பறை ரெண்டுதான். ரெண்டாம் நாள் காலையில தண்ணி தீர்ந்துபோச்சு. ஒரு பிள்ளைக்கு மாதவிலக்கு. யாரிடமும் சொல்லாம படுத்தே கிடந்தாள். நான் போயிருந்ததால தெரிஞ்சது. இல்லைன்னா அந்தப் பிள்ளை மூணு நாளும் அப்படியே கிடந்திருக்கும்.

கால் பிசகிய பிள்ளையோட அம்மா நூறு நாள் வேலைக்குப் போறவங்க. ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சதுல அவங்களுக்கு ரெண்டு நாள் கூலி போச்சு. எங்ககூட சண்டை போட்டாங்க. நியாயம்தான். அடிபட்டா செலவு யாருது என்ற கேள்வியை நாங்க கேட்கவே இல்லை. எங்க குழுவுல பேசி அந்தச் செலவைப் பகிர்ந்துகிட்டோம். ஆனாலும் அந்தப் பிள்ளையை அதுக்கப்புறம் எதுக்கும் அனுப்பலை.

இந்த சாரணர் இயக்கத்தை ஆரம்பிச்சவர் பேடன் பவல். 1907ல் இங்கிலாந்துல ஒரு தீவுல ஆண் பிள்ளைகளை வைச்சு முதல் முகாம் நடத்தினார். 1909ல் லண்டனில் நடந்த பேரணிக்குப் பெண் பிள்ளைகள் தாங்களாவே வந்து நின்னு, எங்களுக்கும் வேணும் என்று கேட்டாங்க. மறு வருஷமே பெண்களுக்குத் தனி இயக்கம் வந்தது. கேட்டதாலதான் கிடைச்சது.

1984 மே 23ல் எவரெஸ்ட் ஏறிய முதல் இந்தியப் பெண் பச்சேந்திரி பால், உத்தரகாசிப் பக்கம் ஒரு மலைக் கிராமத்துக்காரர். 2014 மே 25ல் ஏறிய மாலாவத் பூர்ணாவுக்கு 14 வயசுகூட நிறையலை. அவர் அப்பா அம்மா விவசாயக் கூலிகள். இன்றைய தெலங்கானாவில் அரசு உறைவிடப் பள்ளியில் படிச்ச பிள்ளை. முதலில் பாறை ஏறப் பழகி, அப்புறம் டார்ஜிலிங், லடாக் என்று பயிற்சி எடுத்துத்தான் போனாங்க. 2023ல் நம்ம விருதுநகர் மாவட்டத்துப் பெண் முத்தமிழ்ச்செல்வியும் ஏறினாங்க. ரெண்டு பிள்ளைகளுக்கு அம்மா.

நம்ம பிள்ளை எவரெஸ்ட் ஏற வேண்டாம். என் மகள் இப்ப தனியா தேனிக்கு பஸ் ஏறிப்போய் வேலையை முடிச்சுட்டு வர்றாள். போன வருஷம் எங்க மாமியார் வழுக்கி விழுந்தப்ப, எல்லாரும் தூக்கப் போனோம். அவள்தான் "அசைக்காதீங்க" என்று சொல்லிட்டு 108க்குப் போன் பண்ணினாள். 600 ரூபாய்க்கு எனக்கு இது போதும்.

அதனால சகோதரிகளே, கடிதம் வந்தா இதைக் கேளுங்க:

இடம் எது, வனத்துறை அனுமதி இருக்கா?
எந்த மாசம்? பிப்ரவரியில இருந்து வெயில் ஏறஏறக் காட்டுத்தீ பயம் உண்டு.
பாதை தெரிஞ்ச உள்ளூர் ஆள் கூட வர்றாரா?
எத்தனை பிள்ளைக்கு எத்தனை பெண் டீச்சர்?
கழிப்பறை, தண்ணி, நாப்கின் இருக்கா?
தண்ணியில இறங்குவாங்களா? நீச்சல் தெரியாத பிள்ளையை யார் பார்ப்பாங்க?
முதலுதவிப் பெட்டி இருக்கா, பக்கத்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்?
அடிபட்டா செலவு யாருது?

குரங்கணிக்கு அப்புறம் அரசாங்கமும் கவனமாத்தான் இருக்கு. 2024 அக்டோபர்ல வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்தாங்க. பழங்குடி ஊர்களைச் சேர்ந்த இளைஞர்கள் பயிற்சி எடுத்துக் கூட்டிப்போறாங்க. ஆபத்தைக் குறைக்க வழி இருக்கு. முழுசா இல்லாமப் பண்ண முடியாது. கிணற்றடியிலயும் ஆபத்து இருக்கு, ரோட்டுலயும் இருக்கு.

கூட்டமைப்புக்கு என் வேண்டுகோள் ரெண்டு. பெண் பிள்ளைகள் முகாம் போனா குழுவுல இருந்து ரெண்டு அம்மாமார் கூடப் போகணும். பணம் கட்ட முடியாத பிள்ளைக்கு, அடிபட்ட பிள்ளைக்கு உதவ ஒரு சின்னத் தொகை ஒதுக்கித் தீர்மானம் போடணும்.

கால் பிசகிய பிள்ளையோட அம்மா இதே கூட்டத்துலதான் உட்கார்ந்திருக்காங்க. அக்கா, இந்த வருஷம் கடிதம் வந்தா நீங்க கையெழுத்து போடுவீங்களா என்று எனக்குத் தெரியாது. போடலைன்னாலும் தப்பில்லை. ஆனா அந்த எட்டுக் கேள்வியைக் கேட்க உங்ககூட நானும் பள்ளிக்கூடத்துக்கு வர்றேன். பதிலைக் கேட்டுட்டு முடிவு பண்ணுவோம்.